ஒத்த பொறிகளும் ஒவ்வா நிரல்களும்

பெயர் ஒன்று, பிறந்த குடி ஒன்று, உள்ளே அமர்ந்து கணக்கிடும் செயலியும் ஒன்று. ஆயினும் அண்ணனிடம் ஓடிய நிரல் தம்பியிடம் ஓட மறுக்கிறது. தம்பிக்கு ஆற்றல் குறைவோ என்றால், அதுவும் இல்லை. அண்ணனைவிட அவனுக்கு நினைவகம் மிகுதி, ஒலியும் இனிமை. பின் ஏன் இந்தப் பிணக்கு?

1980-களில் வீடுகளுக்குள் புகுந்த சிறு கணிப்பொறிகளின் வரலாற்றைப் புரட்டுவோர் இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திப்பர். நான் இயற்பியல் மாணவன். கணிப்பொறி எனக்குப் பாடம் அன்று, கருவி. ஆயினும் விடுதியில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இப்பழம் பொறிகளை ஆராய்வது என் வழக்கம். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வாராய்ச்சி என் ஆய்வுக்கூட வேலைக்கே உதவும் பாடம் ஒன்றைக் கற்பித்தது. அதனை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நம்முள் இலக்கியம் பயில்வோரும் உளர். பொறியியல் பயில்வோரும் உளர். இரு சாராருக்கும் விளங்குமாறு கூற முயல்வேன்.

ஒரு குடும்பத்தின் கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிளைவ் சிங்க்ளேர் என்பார் நடத்திய நிறுவனம், 1982 ஏப்ரல் 23-ஆம் நாள் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. 16 கிலோபைட் நினைவகம் உள்ள பொறிக்கு விலை 125 பவுன். 48 கிலோபைட் உள்ளதற்கு 175 பவுன். அதற்கு ரப்பர் விசைகள். திரையாக வீட்டுத் தொலைக்காட்சி. நிரல்களைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடா. உள்ளே இசட்-80 வகைச் செயலி. அதன் வேகம் நொடிக்கு 35 இலட்சம் துடிப்பு.

1984-இல் விசைப்பலகையை மட்டும் மாற்றி 'ஸ்பெக்ட்ரம் பிளஸ்' வந்தது. 1985 செப்டம்பரில் 128 கிலோபைட் நினைவகம் கொண்ட 'ஸ்பெக்ட்ரம் 128' முதலில் ஸ்பெயின் நாட்டிலும், 1986-இன் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வெளிவந்தது. 1986 ஏப்ரலில் சிங்க்ளேரின் கணிப்பொறித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 இலட்சம் பவுனுக்கு வாங்கியது. அவர்கள் 1986-இல் 'பிளஸ் 2' என்பதையும், 1987-இல் வட்டு இயக்கியோடு கூடிய 'பிளஸ் 3' என்பதையும், அதே உள்ளமைப்பில் ஒலிநாடாவோடு கூடிய 'பிளஸ் 2ஏ' என்பதையும் கொணர்ந்தனர்.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் நாட்டிலும் வேரூன்றியது. டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் உரிமம் பெற்று, 1986-இல் ஸ்பெக்ட்ரம் பிளஸ் பொறியை இந்தியாவில் அறிமுகம் செய்தது. 1990 வரை அது விற்பனையாகி வந்தது.

புதிய பொறி வாங்குகிறவன் எதனை எதிர்பார்ப்பான்? தன்னிடம் குவிந்து கிடக்கும் பழைய ஒலிநாடாக்கள் அதிலும் ஓடவேண்டும் என்றுதானே? பெரும்பாலானவை ஓடின. சில ஓடவில்லை. அந்தச் சிலவற்றில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

பொருத்தம் என்பது யாது?

நல்ல சமையற்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு ஒரே அடுக்களையில் சமைத்தவர். திரும்பிப் பாராமலே மூன்றாம் தட்டில் கைவிட்டு உப்பை எடுப்பார். அவரை வேறோர் அடுக்களைக்கு அழைத்துச் செல்கிறோம். அரிசி அதுவே, அடுப்பும் அதுவே. ஆனால் மூன்றாம் தட்டில் இருப்பது சர்க்கரை. சாம்பார் என்ன ஆகும்? சமையற்காரருக்குச் சமையல் தெரியாது என்று சொல்வோமா? அடுக்களை கெட்டது என்று சொல்வோமா? இரண்டும் இல்லை. அவர் கைக்கும் அந்தத் தட்டுக்கும் இடையே இருந்த பழக்கம் அறுந்துபோயிற்று, அவ்வளவே.

நிரலும் இத்தகையதே. செயலியின் கட்டளைகளை மட்டும் நம்பி எந்த நிரலும் வாழ்வதில்லை. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை நம்புகிறது. ரோம் எனப்படும் அழியா நினைவகத்தில் உற்பத்தியாளர் எழுதிவைத்த சிறு பணிநிரல்களை நம்புகிறது. வெளியுலகோடு பேசும் போர்ட்டுகளை, அதாவது வாயில்களை, நம்புகிறது. ஒவ்வொரு வேலையும் எத்தனை துடிப்பில் முடியும் என்னும் காலக் கணக்கையும் நம்புகிறது. இந்த நம்பிக்கைகளுள் சில, உற்பத்தியாளர் வாக்களித்தவை. சில, தற்செயலாக அமைந்தவை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முகவரி மாறிய வீடு

முதல் எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் 1983-இன் இறுதியில் வெளிவந்த டைமெக்ஸ் சிங்க்ளேர் 2068. ஸ்பெக்ட்ரத்தைத் தழுவி, பல புதிய வசதிகளைச் சேர்த்துச் செய்த பொறி அது. ஒலிக்கெனத் தனிச் சில்லு, செருகு பேழை, கூடுதல் திரை முறைகள் எல்லாம் உண்டு. ஸ்பெக்ட்ரத்தின் ரோம் 16 கிலோபைட்; இதன் ரோம் 24 கிலோபைட்.

அங்கேதான் வினை விளைந்தது. ரோமைத் திருத்தி எழுதியபோது, உள்ளிருந்த பணிநிரல்கள் இடம்பெயர்ந்தன. எழுத்தைத் திரையில் இடும் பணிநிரல் இந்த முகவரியில் இருக்கிறது என்று நம்பி ஸ்பெக்ட்ரம் நிரல் அங்கே தாவும். 2068-இல் அந்த முகவரியில் வேறு ஏதோ ஒன்றின் நடுப்பகுதி இருக்கும். நிரல் திகைத்து நின்றுவிடும். ஸ்பெக்ட்ரத்துக்கென எழுதப்பட்ட இயந்திரமொழி நிரல்களுள் மிகச் சிலவே அதில் ஓடின. ஸ்பெக்ட்ரத்தின் ரோமையே அடக்கிய பேழை ஒன்றைச் செருகிய பின்னரே ஏனையவை ஓடின.

வேடிக்கை என்னவெனில், அதே டைமெக்ஸின் போர்ச்சுகல் கிளை வெளியிட்ட 2048 என்னும் பொறி, ஸ்பெக்ட்ரத்தின் ரோமை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே ஸ்பெக்ட்ரம் நிரல்கள் அதில் தடையின்றி ஓடின. வசதி மிகுந்த பொறி பொருந்தவில்லை; எளிய பொறி பொருந்தியது. வளர்ச்சி வேறு, பொருத்தம் வேறு என்பது இதனால் புலனாகும்.

வெற்றிடத்தை நம்பியவர்கள்

அடுத்தது சற்று நுட்பமானது, ஆயினும் சுவையானது. தொலைக்காட்சித் திரையில் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை படம் வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் செயலிக்குக் குறுக்கீடு ஒன்று வரும். "இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு இந்த வேலையைப் பார்" என்று சொல்லும் மணியோசை போன்றது அது. விளையாட்டு எழுதுவோர், மணி அடிக்கும்போது தம் சொந்தப் பணிநிரல் ஓடவேண்டும் என்று விரும்பினர்.

இசட்-80 செயலியில் இதற்கு ஒரு முறை உண்டு. செயலி தன்னிடம் உள்ள ஓர் எண்ணை முகவரியின் முற்பாதியாகவும், தடத்தில் அப்போது காணப்படும் எண்ணைப் பிற்பாதியாகவும் சேர்த்து ஓரிடத்துக்குப் போகும். அங்கே எழுதியுள்ள இரண்டு பைட்டுகளே, தாவவேண்டிய முகவரி. தடத்தில் எந்த எண் இருக்கும் என்பது உறுதியில்லை. 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே முறையாகச் செய்வோர், ஒரே எண்ணைத் தொடர்ந்து 257 பைட்டுகளில் எழுதிவைப்பர். எங்கே விழுந்தாலும் அதே முகவரி கிடைக்கும் அன்றோ?

ஆனால் 48 கிலோபைட்டே உள்ள பொறியில் 257 பைட் என்பது சிறு தொகை அன்று. இங்கேதான் சிலர் கெட்டிக்காரத்தனம் செய்தனர். ஸ்பெக்ட்ரத்தின் ரோமில் 14446-ஆம் முகவரி தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட பைட்டுகள் பயன்படாமல் வெற்றிடமாய் இருந்தன. வெற்றிடம் முழுவதிலும் 255 என்னும் எண். எழுதிவைத்த அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது! அதனைச் சுட்டினால் செயலி தாவும் முகவரி 65535. அதுவே நினைவகத்தின் கடைசி வீடு.

கடைசி வீட்டில் ஒரே ஒரு பைட்டுக்குத்தானே இடம்? அங்கே 24 என்று வைத்தனர். "அடுத்த பைட் சொல்லும் தூரம் தாவுக" என்பது அதன் பொருள். அடுத்த பைட் எது? நினைவகம் முடிந்து, மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பூச்சிய முகவரியில் இருப்பது ரோமின் முதல் பைட். அதன் மதிப்பு 243. அதனைத் தூரமாகக் கொண்டால், பின்னோக்கி 13. முகவரி 1-இலிருந்து 13 பின்னே சென்றால் 65524. அங்கிருந்து தம் பணிநிரலுக்கு ஒரு தாவல். ரோம் எழுதியவர் கனவிலும் கருதாத பயன்! அந்த 243 அவருக்குக் குறுக்கீட்டை நிறுத்தும் கட்டளை. விளையாட்டு எழுதியவருக்கோ பின்னோக்கிப் பதின்மூன்றடி.

பின்வந்த பொறிகளில் ரோமின் அந்த வெற்றிடத்தின் பகுதிகள் வேறு பணிகளுக்குப் பயன்படுத்தப்பட்டன. அங்கே 255-க்குப் பதில் வேறு எண்கள் வந்தன. உற்பத்தியாளர் செய்தது குற்றமா? தம் வீட்டின் காலி அறையில் தாமே குடியேறினார், அவ்வளவே. ஆயினும் அந்த அறையின் வெறுமையை நம்பி வாழ்ந்த நிரல் வீழ்ந்தது. 257 பைட்டைச் செலவிட்டவருடைய நிரல் வீழவில்லை.

வாயிலில் வந்த எண்

மூன்றாவது எடுத்துக்காட்டை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரத்தின் விசைகள் ஐந்தைந்தாகப் பகுக்கப்பட்டவை. 254-ஆம் வாயிலைப் படித்தால் எட்டுப் பிட் கொண்ட ஓர் எண் வரும். அவற்றுள் ஐந்து பிட்டுகள் ஐந்து விசைகளைக் குறிக்கும். ஒரு பிட் ஒலிநாடாவிலிருந்து வரும் ஒலியைக் குறிக்கும். ஏனைய இரண்டும் எப்போதும் 1.

எந்த விசையையும் அழுத்தாதபோது வருவது எந்த எண்? தொடக்ககாலப் பொறிகளில், பேசிக் மொழியிலிருந்து படித்தால் 255 வரும். 'மூன்றாம் வெளியீடு' எனப்பட்ட சுற்றுப்பலகையும் அதற்குப் பின்வந்தவையும் 191 என்று விடை தரும். வேறுபாடு 64, அதுவே ஒலிநாடாவுக்குரிய பிட்டின் மதிப்பு. நாடா ஓடாதபோது அந்தப் பிட் எவ்வாறு இருக்கவேண்டும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. சுற்றில் செய்த சிறு திருத்தம் அதனை மாற்றிவிட்டது.

"எண் 255 ஆயின் விசை எதுவும் அழுத்தப்படவில்லை" என்று எழுதிய நிரல், புதிய பொறியில் எப்போதும் ஏதோ விசை அழுத்தப்பட்டதாகவே கருதும். தனக்கு வேண்டிய ஐந்து பிட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து நோக்கிய நிரலுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. ஃபியூஸ் என்னும் எமுலேட்டரில் பழைய விசைப்பலகை முறையைத் தேர்ந்துகொள்ள ஒரு வசதி உண்டு. அதனை ஒருமுறை இட்டும் ஒருமுறை எடுத்தும் 32766-ஆம் வாயிலைப் படித்துப் பார்த்தேன். 255, 191 என இரு விடைகளும் முறையே வந்தன. ஒரு வரி நிரல், ஒரு நிமிட வேலை. ஆனால் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட அது மனத்தில் நன்கு பதியும்.

காலமும் ஒரு பொருளே

ஸ்பெக்ட்ரம் 48-இல் ஒரு படம் வரைய 69,888 துடிப்புகள் ஆகும்; அதாவது ஒரு வரிக்கு 224 வீதம் 312 வரிகள். ஸ்பெக்ட்ரம் 128-இல் வரிக்கு 228 வீதம் 311 வரிகள், ஆகமொத்தம் 70,908. அதற்கேற்ப அதன் செயலியின் வேகமும் சற்றே கூடியது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் நொடிக்கு 50 படமே. ஆனால் துடிப்பை எண்ணி எண்ணித் திரையின் ஓரங்களில் வண்ணக் கோடு வரைந்த நிரலுக்கு, வரிக்கு 4 துடிப்பு பெரிய வேற்றுமை. 100 வரி செல்வதற்குள் 400 துடிப்பு பிசகும். அஃது ஏறத்தாழ இரண்டு வரி. நேராக நின்ற கோடு சாய்ந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நினைவகத்தில் 16384 முதல் 16 கிலோபைட் பகுதியைச் செயலியும், படம் வரையும் சில்லும் பகிர்ந்துகொள்கின்றன. இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் செயலி காத்திருக்கவேண்டும். ஒற்றையடிப் பாலத்தில் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதுபோல. பழைய பொறியில் இந்தக் காத்திருப்பு மிகுதியாய்ப் போனால் 6 துடிப்பு. பிளஸ் 3-இல் 7 வரை செல்லும், அதன் ஒழுங்கும் வேறு. எந்தெந்தப் பகுதிகளில் காத்திருக்கவேண்டும் என்பதும் மாறியது.

படம் வரையும் சில்லு அந்த நேரத்தில் நினைவகத்திலிருந்து எடுக்கும் எண், யாரும் விடைதராத 255-ஆம் வாயிலைப் படிக்கும் செயலிக்கும் தென்படுவது உண்டு. மிதக்கும் எண் என்று இதனைக் கூறலாம். அடுத்த வீட்டு வானொலி நம் சுவரில் கேட்பதுபோல இது. வேண்டுமென்று செய்த ஏற்பாடு அன்று. ஆயினும் சில நிரலாளர்கள் இதனைக் கொண்டு, மின்கதிர் திரையில் எவ்விடத்தை அடைந்தது என்று அறிந்தனர். அடையாளமாக ஒரு வண்ணத்தைத் திரையில் ஓரிடத்தில் வைத்துவிட்டு, அந்த எண் தென்படும்வரை காத்திருப்பர். தென்பட்டதும் உருவங்களை நகர்த்துவர். படம் துடிக்காது, சிதறாது. 1987-இல் வந்த அர்க்கனாய்டு என்னும் விளையாட்டு இம்முறையைக் கையாண்டது. பிளஸ் 3-இலோ 255-ஆம் வாயில் எப்போதும் 255 என்றே கூறும். அடையாளம் வரவே வராது. விளையாட்டு காத்துக்கொண்டே நின்றது.

வாக்கைக் காத்த ஒரு வழி

ஸ்பெக்ட்ரம் 128-ஐ வடிவமைத்தவர்கள் பொருத்தத்தைப் பற்றிக் கவலை கொள்ளாதவர்கள் அல்லர். பொறியை இயக்கியதும் 48 பேசிக் என்னும் தேர்வும் பட்டியலில் வரும். அதனைத் தேர்ந்தால், 32765-ஆம் வாயிலின் மூலம் கூடுதல் நினைவகத்தின் கதவு பூட்டப்பட்டுவிடும். பொறியை மீளத் தொடங்கும்வரை பூட்டுத் திறவாது. பழைய நிரல் தவறுதலாக அந்த வாயிலைத் தொட்டாலும் ஒன்றும் நேராது. புதிய வீட்டினுள் பழைய வீட்டை அப்படியே கட்டிவைத்தாற் போன்ற ஏற்பாடு.

ஆனால் புதிய 128 முறையில் பழைய நிரலை இட்டால் இரண்டு இடர்கள் நேரலாம். பழைய பொறியில் 23296 முதல் 256 பைட்டுகள், அச்சுப்பொறிக்கென ஒதுக்கப்பட்டவை. அச்சுப்பொறி இல்லாதோர் அதனைக் காலி மனையாகக் கருதிச் சிறு நிரல்களை அங்கே வைத்தனர். 128 முறையில் அவ்விடம் நினைவகப் பகுதிகளை மாற்றும் பணிநிரல்களுக்கு உரியது. அங்கே கைவைத்தால் பொறி நிலைகுலையும். மற்றொன்று, பயனர் தாமே வரைந்துகொள்ளும் எழுத்துருக்கள். முன்பு 21 இருந்தன; 128 முறையில் 19 ஆயின. 163, 164 என்னும் இரு எண்கள் 'ஸ்பெக்ட்ரம்', 'பிளே' என்னும் இரு புதிய கட்டளைச் சொற்களுக்கு அளிக்கப்பட்டன. தாம் வரைந்த விண்கலத்தின் இறக்கை தோன்றவேண்டிய இடத்தில் 'பிளே' என்னும் சொல் வந்து நின்றால் எப்படி இருக்கும்!

யாருடைய குற்றம்?

நிரலாளரையே குறை கூறுவது எளிது. "வாக்களிக்காததை ஏன் நம்பினீர்?" என்று கேட்டுவிடலாம். ஜப்பானில் 1983-இல் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொதுத்தரம் அப்படித்தான் கேட்டது. பல நிறுவனங்கள் ஒரே தரத்தில் பொறி செய்யவேண்டும் என்பது அதன் நோக்கம். திரைச் சில்லின் வாயில் எண் பொறிக்குப் பொறி வேறுபடலாம் என்று முன்னரே கருதி, அந்த எண்ணை ரோமின் 6, 7 ஆகிய முகவரிகளில் எழுதிவைத்தனர். அங்கே பார்த்துத் தெரிந்துகொள்க என்பது விதி. அங்கும் சிலர் வேகத்துக்காகவோ சோம்பலாலோ பாராமல், வழக்கமான 152-ஐயே நேரே எழுதினர். விதி எழுதுவது வேறு. விதிப்படி நடப்பது வேறு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வெற்றிடத்தையும் மிதக்கும் எண்ணையும் நம்பியவர்கள் 48 கிலோபைட்டுக்குள் வியத்தகு விளையாட்டுகளைப் படைத்தனர். அவர்கள் கையேட்டின் எல்லையிலேயே நின்றிருந்தால், அவற்றுள் சில பிறந்திரா. தற்செயலும் நாளடைவில் மரபாகிவிடுகிறது. சோவியத் ஒன்றியத்திலும் பின்னர் ரஷ்யாவிலும் பரவிய பெண்டகன் என்னும் நகல் பொறியைப் பாருங்கள். அதில் செயலி காத்திருப்பதே இல்லை. ஒரு படத்துக்கு 71,680 துடிப்பு. மூலப் பொறியிலிருந்து விலகிய அந்தக் கணக்கையே நம்பி, அந்நாட்டு இளைஞர் நூற்றுக்கணக்கான காட்சி நிரல்களை எழுதினர். அவை இங்கிலாந்தின் மூலப் பொறியில் பிசகும்! நகல் மூலமாயிற்று, மூலம் அயலாயிற்று.

ஆகவேதான் இன்று எமுலேட்டர் எழுதுவோர், பொறியின் வாக்குறுதிகளை மட்டும் அன்றி, அதன் தற்செயல்களையும் குறைகளையும் எண்ணி எண்ணிப் படியெடுக்கின்றனர். ஸ்பெக்ட்ரத்தின் ரோமை எமுலேட்டர்களோடு வழங்கலாம் என ஆம்ஸ்ட்ராட் 1999-இல் இசைவு தந்தது. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த இசைவும் இந்தப் படியெடுப்பும் இல்லையேல், பழைய ஒலிநாடாக்களில் உள்ள உழைப்பு வெறும் இரைச்சலாகவே எஞ்சியிருக்கும்.

நமக்கு இதனால் என்ன?

என் ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவர் ஒருவர் விட்டுச்சென்ற பைத்தான் நிரல் ஒன்று உண்டு. வெப்பநிலை மாறமாற அளந்த மின்தடையைக் கோப்பு கோப்பாகப் படித்து வளைகோடு வரையும். விண்டோஸ் கணிப்பொறியில் பல ஆண்டுகள் நன்றாக ஓடியது. அதனை லினக்ஸ் கணிப்பொறிக்கு மாற்றியபோது, வளைகோடு முள்ளம்பன்றி போலாயிற்று. கருவி பழுதாயிற்று என்று இரண்டு நாள் கம்பிகளையெல்லாம் கழற்றிப் பூட்டினர். காரணம் எளியது. கோப்புகளின் பெயரைக் கேட்டால் எந்த வரிசையிலும் வரலாம் என்றே பைத்தானின் ஆவணம் கூறுகிறது. பழைய கணிப்பொறியில் அகரவரிசையில் வந்தது தற்செயல். நிரல் அதனை நம்பியிருந்தது. 255-உம் 191-உம் என் நினைவில் இருந்தமையால், முதலில் வரிசையைத்தான் நோக்கினேன். "வரிசைப்படுத்துக" என்று ஒரு சொல் சேர்த்ததும் வளைகோடு நேரானது. வளைகோடு சற்றே பிசகியிருந்தால் யாரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். தவறான முடிவு ஓர் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். அதனை எண்ணினால்தான் அச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, நம் அனைவருக்கும் பொதுவானது. தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான எண்கள் நடைமுறைக்கு வருமுன், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனத் தனி எண்களை வைத்திருந்தது. பாமினியில் ஓர் எண் ஓர் எழுத்து; டிஸ்கியில் அதே எண் வேறோர் எழுத்து; 1999-இல் வகுத்த டாம், டாப் முறைகளில் இன்னும் வேறு. 163 ஒரு பொறியில் படமாகவும் மற்றொன்றில் கட்டளையாகவும் நின்ற கதையே இது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் தட்டச்சிட்டவை பல, இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தோன்றுகின்றன.

நம் சங்க இதழின் பழைய கோப்புகள் சிலவும் அந்நிலையில்தான் இருக்கின்றன. அவற்றில் எழுத்துகள் அழியவில்லை. எந்த அட்டவணையைக் கொண்டு படிப்பது என்பதுதான் மறந்துபோயிற்று. எந்த ஆண்டு இதழ் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதை அறிந்த பழைய உறுப்பினர் எவரேனும் உங்கள் தொடர்பில் இருப்பின், அந்தப் பெயரை மட்டும் கேட்டு வாங்கித் தாருங்கள். மாற்றித் தரும் வேலையை நானும் நண்பர் சிலரும் ஏற்கிறோம். இனி நாம் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், எதனை நம்பி அது எழுதப்பட்டது என்று ஒரு வரி குறித்துவைப்போம். அடுத்து வரும் மாணவன் நம் அடுக்களையில் கைவிடும்போது, உப்பு எது, சர்க்கரை எது என்று அவனுக்குத் தெரியவேண்டும்.